மீனாம்பிகையின் தலைமுடி

1989 மாசி 6, திங்கள்

பாரை மீன் குழம்பில் அம்மா புளியைக் கூட்டிவிட்டா. அதற்குச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கனகசபாபதி அண்ணை வந்தார். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் அவர். என் புருசன் சிமியோன் பாரிசிலிருந்து என் பயணத்தை அவர் பொறுப்பில்தான் விட்டிருக்கிறார். கலியாணம் கட்டி நாலு மாதம் ஒன்றாக இருந்தோம். அவர் போய் மூன்று வருசமாகிறது.

அண்ணை ஒரு பாஸ்போட்டை மேசையில் வைத்தார். மீனாம்பிகை சோமசேகரம், சண்டிலிப்பாய். புருசனோடு பிரான்சில் இருந்தவவாம். சண்டை பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டா, இனிப் போகமாட்டாவாம். விசா இன்னும் இருக்கிறது. நான் அவவாகப் போகவேண்டும். படத்தை மாற்றினால் பிடித்துவிடுவார்கள். ஆகவே படத்துக்கு ஏற்றபடி ஆளை மாற்றவேண்டும்.

"மூக்கு, வாய், நாடி எல்லாம் நீர்தான், பிள்ளை. தலைமயிர்தான் வேறை," என்றார்.

படத்தில் அடிமட்டம் வைத்துக் கீறியது போல மயிர், தோளுக்குக் கீழும் இறங்குகிறது. எனக்கோ குருநகர் முழுக்கத் தெரிந்த சுருள். சீப்பு முறியாத மாதம் இல்லை.

"வெட்டிப்போட்டு நேராக்கட்டோ?"

"வெட்டவும் ஏலாது, கருக்கவும் ஏலாது. நீளமும் வேணும், நேராயும் வேணும். பங்குனி முடியிறதுக்குள்ளை செய்து காட்டும்."

கொழும்பில் மருந்து பூசி நேராக்குவார்களாம். அப்படிப் பூசிய ஒருத்திக்கு மயிர் கொத்தாகக் கையோடு வந்ததாம். அவவின் பயணமும் அதோடு நின்றதாம். சொல்லிவிட்டு அண்ணை பாரைக் குழம்போடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். புளி அளவாக இருக்கிறதாம்.

மாசி 8, புதன்

விபூதிப் புதன். எண்ணெய் வைத்து வைத்து இழுத்தால் சுருள் அடங்கும் என்று என் மச்சாள் யோசப்பின் சொன்னா. சிமியோனின் தமக்கை, எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவ. அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் முடிந்தது. கோயிலில் சுவாமியார் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். அது நிற்கவில்லை. எண்ணெயோடு வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னால் நின்ற பெடியள் தவக்காலம் தொடங்கிய அன்றைக்கே சிரித்தார்கள்.

சுருள் அடங்கவில்லை. மினுங்குகிறது, அவ்வளவுதான்.

மாசி 12, ஞாயிறு

மச்சாளின் இரண்டாவது யோசனை: ஈரத்தோடு பின்னி, நுனியில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டைக் கட்டித் தொங்கவிடுவது. காயும்போது பாரத்தில் நேராகுமாம். பூசைக்கு நேரமாகிவிட்டது, காயவில்லை. குண்டுகளோடேயே முக்காடு போட்டுப் போனேன். முழந்தாள் போடும்போது ஒன்று வாங்குப் பலகையில் அடித்தது. எழும்பும்போது மற்றது. அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது கோயில் அமைதியாக இருக்க, இரண்டும் சேர்ந்து அடித்தன. சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். செபித்தாரா, பொறுத்தாரா தெரியாது.

கழுத்து நோகிறது. மயிர் மேலே நேராக, நுனியில் சுருளாக, நாய் வால் போல நிற்கிறது.

மாசி 18, சனி

யோசப்பின் மச்சாளை இனி என் தலைக்குக் கிட்ட விடமாட்டேன்.

உடுப்பு மினுக்குகிற கரிப்பெட்டியைக் கொண்டுவந்தா. என்னை மேசையில் கன்னத்தை வைக்கச் சொல்லி, மயிரை விரித்து, மேலே ஈரத்துணி போட்டு, ஒரே இழுவை. நேராகத்தான் வந்தது, சத்தியமாய் நேராக. இரண்டாம் இழுவையில் துணி விலகிவிட்டது.

அம்மா குசினிக்குள்ளிருந்து, "ஆரடி அங்கை கோழி வாட்டுறது?" என்றா.

ஒரு கொத்துப் போயிற்று. காதுக்குப் பின்னால். நல்லகாலம், வெளியில் தெரியாது. மச்சாள் அந்தக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆனால் பார், நேராய்த்தானே இருக்கு," என்றா. எனக்கு அழுகை வந்திட்டுது. அவவும் அழுதா. பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

மாசி 25, சனி

ஏஜென்ட் வந்து பரீட்சை வைத்தார். நெற்றியில் பொட்டோடு இருக்கப் பழகவேண்டுமாம். பேர் கேட்டார், சொன்னேன். புருசன் பேர் சோமசேகரம், சொன்னேன். "உம்மடை சண்டிலிப்பாயிலை என்ன விளையும்?" என்றார். யோசிக்காமல் "மீன்" என்றேன். பாஸ்போட்டை மூடி மடியில் வைத்தார். அது கடலில்லாத தோட்ட ஊராம்.

புகையிலை. மரக்கறி. புகையிலை. மரக்கறி.

பங்குனி 5, ஞாயிறு

வெற்றி. யோசப்பின் இல்லாமல்.

வெந்தயம் ஊறவைத்து, செவ்வரத்தை இலையோடு அரைத்துப் பூசி ஊறி, முழுகி, அகலப் பல்லுச் சீப்பால் ஈரத்தோடு மெதுவாகச் சிக்கெடுத்தேன். நெருப்பில்லை, பாரமில்லை. பிறகு மயிரைத் தலையைச் சுற்றி ஒட்ட ஒட்டச் சுற்றி, பழைய சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் அவிழ்த்தால் விழுகிறது, தண்ணீர் மாதிரி. நுனி உடையவில்லை, கையோடும் வரவில்லை.

பொட்டும் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "ஆர் பிள்ளை, ஆரைத் தேடுறீர்?" என்றா.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "என்னெண்டு தெரியேல்லை, உன்னைக் காணேல்லை," என்று சொல்லிவிட்டு மீனோடு உள்ளே போய்விட்டா.

கண்ணாடியில் பார்த்தேன். மீனாம்பிகை நன்றாகத்தான் இருக்கிறா.

பங்குனி 7, செவ்வாய்

கடற்காற்று. மத்தியானத்துக்குள் சுருண்டுவிட்டது. திரும்பவும் வெந்தயம்.

பங்குனி 18, சனி

எழுதக் கை ஓடவில்லை, ஆனால் எழுதாமலும் இருக்க ஏலாது.

ஏஜென்ட் சண்டிலிப்பாய்க்கு வரச் சொல்லியிருந்தார். மீனாம்பிகையை நேரில் கண்டு கதைத்தால் மிச்சம் சரியாகுமாம். காலையில் தலை அருமையாக இருந்தது. வழியில் இந்திய ஆமிக்காரரின் சென்றிக் காவலரணில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். என் அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் தமிழ்நாட்டுக்காரன். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது நீங்க இல்லையே."

"நான்தான்."

"இதுல முடி சுருட்டையா இருக்கு. யாரோட கார்டும்மா இது?"

பஸ்ஸில் மற்ற எல்லாரும் ஏறிவிட்டார்கள். என்னை ஒருபக்கம் நிற்கச் சொன்னான். இன்னொருவன் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தான். சொந்த அட்டைக்கு நான் கள்ளி, கள்ளப் பாஸ்போட்டுக்கு நான் சரியான ஆள். இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?

சென்றிக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருந்தது. "ஐயா, அதிலை கொஞ்சம் எடுக்கட்டோ?" என்றேன். தாகம் என்று நினைத்துத் தலையாட்டினான். வாளியோடு தூக்கித் தலையில் ஊற்றினேன். கையால் பிசைந்துவிட்டு நின்றேன். வெயிலில் ஒவ்வொன்றாக எழும்பிச் சுருளத் தொடங்கியது. சிப்பாய் அட்டையைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டே நின்றான். கடைசியில் சிரித்துவிட்டான்.

"போங்கம்மா. எங்க அக்காவுக்கும் இதே முடிதான்."

பஸ்ஸில் சனம் கைதட்டவில்லை. நேரம் போச்சுது என்று பேசினார்கள்.

சொட்டச் சொட்டச் சண்டிலிப்பாய்க்குப் போனேன். என்னைக் கண்டதும் ஏஜென்ட் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார். அப்போது உள்ளேயிருந்து மீனாம்பிகை வந்தா. தலை நிறையச் சுருள். என்னுடையதைவிடக் கூட.

பாரிசில் ஒரு சலூனில் சுருட்டினதாம். அங்கே இப்போது அதுதான் மோஸ்தராம். "உந்தத் தலையோடைதானே கட்டுநாயக்கா எயாப்போட்டிலை வந்து இறங்கினனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை," என்றா.

ஈயக் குண்டு, கரிப்பெட்டி, போன ஒரு கொத்து. நான் ஏஜென்டைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு மீனாம்பிகை என்னை விசாரித்தா. நான் பாடமாக்கியதை ஒப்பித்தேன். என் புருசன் சோமசேகரத்துக்குச் சமையற்கூடத்தில் வேலை. கத்தரிக்காய் சாப்பிடமாட்டார். இருமல் வந்தால் மருந்து குடிக்கமாட்டார், சண்டை பிடித்துத்தான் பருக்கவேண்டும்.

"உதெல்லாம் ஆர் சொன்னது?"

"கனகசபாபதி அண்ணை. நீங்கள்தான் அவருக்குச் சொன்னீங்களாம்."

மீனாம்பிகை சுருளொன்றை விரலில் சுற்றினா. பிறகு, "இப்ப மருந்து பருக்கிறது ஆர்?" என்று தனக்குள்ளே கேட்டா.

"பாஸ்போட்டின்படி நான்தான்," என்றேன்.

சிரித்தா. நிறையச் சிரித்தா. பிறகு எழுந்து அறைக்குள் போனவ, வர நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தா.

பங்குனி 22, புதன்

மீனாம்பிகை பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாவாம். தானே போகப் போறாவாம். ஏஜென்ட் வாசல் படலையில் நின்றபடி சொல்லிவிட்டு, குழம்பு என்ன என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்.

அவவின்ரை பாஸ்போட், அவவின்ரை புருசன். நான் என்னத்தைச் சொல்ல? ஆனால் நான் என்ன செய்யிறது? இன்னும் எத்தினை வருசம்? ஆரிட்டைக் கேக்கிறது?

பங்குனி 24, பெரிய வெள்ளி

தலையில் ஒன்றும் பூசவில்லை. யோசப்பின் மச்சாள் வந்து பக்கத்தில் சும்மா இருந்தா. ஒரு யோசனையும் சொல்லவில்லை.

சித்திரை 2, ஞாயிறு

நான் எதிர்பார்க்கவில்லை. மீனாம்பிகை கொழும்புக்குப் போகமுதல் குருநகருக்கு வந்தா. பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்தா. அம்மா நண்டு காய்ச்சினா. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவ என்று நினைத்தோம், நண்டோட்டைக்கூட விடவில்லை.

"உங்கடை அவருக்கு அங்கை இருக்கிறதுக்கு வதிவிடக் காட் கிடைச்சிட்டுதோ?" என்று மீனாம்பிகை கேட்டா.

"ஓம், போன வருசம்."

"அப்ப ஏன் கள்ளப் பாஸ்போட்? பெண்சாதியைக் கூப்பிட அவர் மனுப் போடலாமே."

"கியூவிலை நிண்டு பிரெஞ்சிலை கதைக்கவேணுமாம். ஏஜென்ட் எண்டால் சுகம் எண்டார்."

மீனாம்பிகை நண்டுக் காலைக் கீழே வைத்தா. "அவரின்ரை விலாசத்தைத் தாரும்," என்றா. அவ கேட்ட தொனியில் எனக்கே சிமியோனை நினைக்கப் பாவமாக இருந்தது.

வைகாசி 20, சனி

பட்டணத்துக்குப் போய் போனில் சிமியோனோடு கதைத்தேன்.

"ஆரடி அந்த மனுசி? விடியமுதல் வந்து கதவைத் தட்டுறா. நித்திரைப்பாயாலை எழுப்பிக் கொண்டுபோய் கியூவிலை விட்டிட்டு, நான் உள்ளுக்கை போகுமட்டும் வாசல்லை காவல் நிக்கிறா. அவவின்ரை புருசனும் வந்து நிக்கிறார், பாவம், இருமி இருமி."

"மனுப் போட்டாச்சோ?"

"போடாமல் விடுவாவோ?"

புரட்டாதி 14, வியாழன்

விசா வந்துவிட்டது. என் பெயரில், என் படத்தோடு. அம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா. "கறி எரியப் போகுது," என்று குசினிக்குப் போனா. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

மார்கழி 9, சனி. பாரிஸ்

விமானநிலையத்தில் சிமியோன் மெலிந்துபோய் நின்றார். கட்டிப்பிடித்தார். விடும்போது விடமுடியவில்லை. அவருடைய கைக்கடிகாரப் பட்டி என் மயிருக்குள் மாட்டிவிட்டது.

"ஆடாதை," என்றார். "ஆடினால் பிடுங்குப்படும்."

சனம் எங்கள் இரண்டு பக்கத்தாலும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனது. ஒரு கையால் ஒவ்வொரு மயிராக எடுத்துக்கொண்டே, நெல்லியடிப் பெடியன் ஒருவனோடு தான் இருக்கும் அறையைப் பற்றி, வேலையைப் பற்றி, குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருசத்தில் போனில் அவர் இவ்வளவு கதைத்ததில்லை.

பாதி எடுத்தபின், "வெட்டி விடட்டோ?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஆறுதலாக, ஒவ்வொன்றாக எடுக்கட்டும்.