அது சொட்டு மருந்து

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் அழவில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, பாரு, உன்னால அம்மா எப்படி அழுறாங்க பாரு என்றானே, அப்போதுதான் உன் அண்ணி என் வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டு முடித்திருந்தாள். மருந்து விட்டதும் கண்ணை மூடி அண்ணாந்து உட்காருங்கள், கொஞ்ச நேரம் பேச்சே வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னபடி கேட்கிறவள், வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் வழிந்தது மருந்து. அதைப் பார்த்துவிட்டு நீ, சரிண்ணா, அம்மாவுக்காக அந்தக் கட்டுரையை எடுத்துடறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் அண்ணன், அம்மா ஒரே அழுகை, இப்பத்தான் தேறியிருக்காங்க என்கிறான். பக்கத்து வீட்டு டீச்சர் ஆறுதல் சொல்லப் பழத்தோடு வந்துவிட்டார். பழத்தை வாங்கிக்கொண்டேன், ஆறுதலைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மற்றபடி மருந்து விட்ட கண்ணும் விடாத கண்ணும் நான் உட்பட இந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், போன மாதப் போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. அன்றைக்கே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் என்றால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி உட்கார்ந்துகொள்கிறான், நீயும் எதைச் சொன்னாலும் சரிம்மா என்கிறாய். எழுதி அனுப்பினால் இன்னும் மோசம். இப்போதெல்லாம் போனே பதிலைத் தயார் செய்து நீட்டுகிறதாமே, நேற்று உன் அண்ணியின் போனில் பார்த்தேன், சரி, நன்றி, மகிழ்ச்சி என்று மூன்றை வரிசையாகக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறது. நீ அனுப்புகிற சரிம்மா உன்னுடையதா போனுடையதா என்று எனக்கு எப்படித் தெரியும். அதனால்தான் இதைக் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்றார்கள், உன் மேலதிகாரி உனக்குக் கொடுத்திருக்கும் கெடுவும் அதுதானே.

உன் கட்டுரையை நான் படித்தேன். பேத்தி ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் எடுத்து வந்து கொடுத்தாள். நீ இருக்கும் நாட்டில் கொண்டுவரப் பார்க்கும் சட்டம், ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு கண்ணை வைத்து, நாம் எழுதுவதை அனுப்புவதற்கு முன்பே அது படித்துப் பார்க்கும் ஏற்பாடு, அந்த வேலையை எடுக்க உன் கம்பெனியே போட்டி போடுவது, நீ அதைத் தப்பு என்று உன் இணையப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதியது, கட்டுரையை எடு இல்லையென்றால் வேலையை விடு என்று அவர்கள் சொன்னது, எல்லாம் இப்போது எனக்குப் புரிகிறது. உன் அண்ணனுக்குப் புரிந்தது அந்தக் கடைசி விஷயம் மட்டும். வேலை போச்சுன்னா விசா போச்சு, ஏர்போர்ட்ல பிடிச்சு வெச்சா யார் போய்க் கூட்டிட்டு வர்றது, அப்பா இருந்திருந்தா எடுன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பார் என்கிறான். உங்கள் அப்பா முடி வெட்டுகிறவரிடம்கூட இப்படி வெட்டு என்று சொன்னதில்லை, உனக்கு எங்கே சொல்லப்போகிறார். பயத்தில் பேசுகிறான், பாவம், உன் மேல் அவனுக்கு உயிர். அதற்காக என் கண்ணீர் என்று ஒன்றைத் தயாரித்து உன்னிடம் காட்டியதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

நீங்கள் இரண்டு பேரும் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் படித்த கான்வென்ட் விடுதியில் நாங்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் கொடுக்க வேண்டும். வார்டன் சிஸ்டர் படித்துவிட்டு அவரே ஒட்டி அனுப்புவார். வீட்டிலிருந்து வருவதையும் அவரே பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். அவர் மிகவும் நல்லவர், படித்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் கையெழுத்தும் நான் நிமிர்ந்து உட்காருவதும் அவர் கொடுத்தவை. ஒரு வருஷம் முழுக்க என் அம்மா, இங்கு எல்லோரும் சுகம், நீ கவனமாகப் படி என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்தாள். விடுமுறைக்குப் போனபோது கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மார்பில் கட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்தேதான் உட்கார முடிந்தது. ஏம்மா எனக்கு எழுதலே என்று கேட்டேன். உங்க சிஸ்டர் படிப்பாங்களேடி, அந்த இடத்தைப் பத்தி எப்படி எழுதறது என்றாள். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்கும்போது அவள் இல்லை. என் அம்மா எந்தக் குற்றத்தையும் மறைக்கவில்லை, அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உன் கட்டுரையில் பத்திக்குப் பத்தி சுதந்திரம், உரிமை என்று எழுதியிருக்கிறாய், எல்லாம் சரி, ஆனால் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஒட்டாத உறைதான். நல்லவர் படித்தாலும் எழுதுகிறவள் கை தயங்கும்.

ஆகையால் என் பேரைச் சொல்லி அதை எடுக்காதே. உனக்கே வேண்டாம் என்று தோன்றினால், வேலை முக்கியம் என்று நீயே யோசித்து முடிவு செய்தால், எடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், வயிற்றுப் பாடு எனக்கும் தெரியும். வேலையை விட்டால் நேரே இங்கே வா. உன் அறையில் இஸ்திரி மேஜையும் பேத்தியின் புத்தகங்களும் இருக்கின்றன, ஒரு காலையில் காலி செய்துவிடலாம். நேற்று வரை கட்டுரை அங்கேயேதான் இருக்கிறது என்று பேத்தி பார்த்துச் சொன்னாள். நீ தயங்குகிறாய் என்று புரிந்துகொண்டேன்.

ஆனால் முழுக்க உன் பக்கம் என்று நினைத்துவிடாதே. நடுவில் ஒரு பத்தியில், பிள்ளைகளுக்காகத்தான் இந்தச் சட்டம் என்று நம்பும் பெற்றோர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணியும் அதைப் படித்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் பேத்தியிடம் ஒருத்தி தோழி என்று போனில் ஒட்டிக்கொண்டாள், கூடப் படிக்கிற வயசுதான் என்றாள், பிறகு போட்டோ கேட்டாள், அப்புறம்தான் அது பெண்ணே இல்லை என்று தெரிந்தது. குழந்தை தானாகவே வந்து என்னிடம் சொன்னதால் தப்பித்தோம். உனக்கு யாரும் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிறவளை ஏன் கலங்கவைப்பது என்று. எங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறோம், பார். உன் அண்ணி கோபப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தே, எங்களுக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேரு வெச்சிருக்கா, சரி, என் பொண்ணுக்கு வேற என்ன வழின்னு இதுல எங்கேயாவது எழுதியிருக்காளா, உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சா பார்த்துச் சொல்லுங்க என்றாள். பூதக்கண்ணாடி வைத்து முதலிலிருந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை. உன் தொழில் தெரிந்த நீ சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள். கட்டுரை நிற்கட்டும், அந்தப் பத்தி நிற்கக் கூடாது. அதைத் திருத்து, அண்ணி கேட்டதற்கு ஒரு நேர்மையான பதில் எழுது, தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது.

உன் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அவனோடு சண்டைக்குப் போகாதே. இனி அவன் போனை நீட்டும்போது, நான் அழவில்லை என்று உனக்குத் தெரியும்படி கண்ணைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் தட்டை வைத்துக்கொள்ளாதே, கண்ணாடி மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, போய்ப் பரிசோதித்துக்கொள், கண் விஷயத்தில் நீ என்னைக் கொண்டிருக்கிறாய். எந்த முடிவெடுத்தாலும் என் ஆசீர்வாதம் உன் கூடவே இருக்கும், அதற்கு நிபந்தனை கிடையாது. நிமிர்ந்து உட்கார்.

என்ன முடிவு செய்தாய் என்பதையும், உன் அண்ணிக்கான பதிலையும் உன் கையால் எழுதி, உறையை ஒட்டி, என் பெயருக்கு அனுப்பு.

உன் அம்மா