பால் கடை வாசலில் திறந்த பக்கம்

குட்டிம்மா,

முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். பாலைச் சூடு பண்ணிக் குடி. பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று, பள்ளிப் போட்டிக்காக நீ வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே ஓடும்படி போட்ட ஓவிய இணையப் பக்கத்தை சோபாவில் சாய்ந்தபடி போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "வெளியாட்கள் உள்ளே வர்ற போர்ட்டே திறக்கலை. அரைகுறையா செஞ்சு என் மானத்தை வாங்காதே" என்று கத்தினேன். நீ உடனே டீச்சருக்குப் போன் போட்டு, "என் பேரை எடுத்துடுங்க மிஸ்" என்றாய். அப்போதாவது நான் தடுத்திருக்கலாம்.

காலையில் பால் வாங்கப் போனேன். கடை வாசலுக்கு வீட்டு வைஃபை எட்டாது. மனசு கேட்காமல் மொபைல் டேட்டாவில் தட்டினேன். பட்டென்று திறந்தது. நேற்று சோபாவில் என் போன் வீட்டு வைஃபையில் இருந்தது; அதில் இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால் நம் ரௌட்டர் உள்ளே விடாது. ஊரார் ஆபீசுக்கெல்லாம் நெட்வொர்க் போடுகிற நான், எவர் புகார் சொன்னாலும் முதலில் கேட்பது, "வெளியிலேர்ந்து பாத்தீங்களா?" என்றுதான். உன் விஷயத்தில் அதைக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சரிடம் இப்போதுதான் பேசினேன். "போட்டிக்கான பேர் லிஸ்ட் நேத்தே போயிடுச்சு சார்" என்கிறார்.

பி.கு.: கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே. அணைத்தால் உன் பக்கம் யாருக்கும் திறக்காது.

இன்னொன்று. உன் பக்கத்தின் அடியில், "நீங்கள்தான் முதல் விருந்தாளி, பெயர் எழுதுங்கள்" என்று வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அப்பா என்று எழுதுவது? மூடிவிட்டேன்.