ஒரு வரி பின்னால்

மாவடியில் அமர்ந்து, பாடுவோர்க்கும் பாடாதோர்க்கும் ஒன்றுபோல் நிழல் தரும் பெருமானே, இதை எழுதும் கைக்குத் துணை நிற்பாய். நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடமிருந்து வராதபடி காப்பாய்.

அக்கா,

நாளை முற்றோதல். காலைப் பூசை முடிந்ததும் தொடங்கி, மாலை விளக்கு ஏற்றுவதற்குள் பதிகங்கள் அனைத்தையும் கூட்டமாக அமர்ந்து ஓதி முடிக்க வேண்டும். அதற்காக இன்று பிற்பகல் புத்தகப் பையைத் தட்டித் துடைத்தேன். பக்கவாட்டு உறையில் விரல் விட்டபோது பழைய காகிதப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. பிரிப்பதற்கு முன்பே மணம் வந்துவிட்டது. அதிமதுரம். ஓதுவதற்கு முன் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று நீங்கள் நறுக்கி ஆளுக்கொன்று கொடுப்பீர்களே, அதே வேர். கோலாலம்பூர் அரங்கின் வாசலில் காவல்காரப் பெண் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்த பொட்டலம் இது.

அந்தப் பயணத்தைப் பற்றி நீங்கள், நான், மல்லிகா என்று நாம் மூவரும் பின்னர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் சில நாட்கள் கோபமாக இருந்தது ஒரு காரணம். இன்று எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அந்தக் கொரியப் பாட்டுக் குழு உங்களுக்கு அறிமுகமானதே முழங்கால் வலியால்தான். ஏனாத்தூர் போகும் சாலையில் நீங்கள் பிசியோதெரபிக்குச் சென்ற இடத்தில், சுவரில் இருந்த டிவியில் ஏழு இளைஞர்கள் எந்நேரமும் ஆடிப் பாடிக்கொண்டிருப்பார்களாம். காலை மடக்கி நீட்டும்போது வலி தெரியாமல் இருக்க அவர்களைப் பார்க்கத் தொடங்கினீர்கள். வலி போயிற்று, அவர்கள் போகவில்லை. அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள், எழுவரின் குரலையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வீர்கள். உங்கள் செவிலிமேட்டு வீட்டில் பூசை அறையிலிருந்து பதிகமும் சமையலறையிலிருந்து கொரியப் பாட்டும் ஒரே குரலில் வந்தன.

"பொருள் தெரியாத பாட்டை எப்படிக்கா இவ்வளவு உருகிப் பாடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

நீங்கள் வாய் திறப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். பட்டுப் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். அவளுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. "நீ மட்டும் கோயில்ல ஐயரு சொல்ற மந்திரத்துக்கெல்லாம் பொருள் தெரிஞ்சுதான் கன்னத்துல போட்டுக்கினு நிக்கிறியா சிவகாமி?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்திருக்கலாம், அப்போது சிரிக்கவில்லை.

அந்தக் குழு கோலாலம்பூருக்கு வருகிறது என்று தெரிந்ததும் உங்கள் மகள் நமக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மல்லிகாவின் நாத்தனார் அதற்கு அருகே கிள்ளானில் இருந்ததால் தங்க இடம் கிடைத்தது. பத்துமலை முருகனைத் தரிசிக்கலாம் என்று சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கழுத்தில் அந்த வீக்கம் தென்பட்டது. தைராய்டுக் கட்டி. சென்னை மருத்துவர் அதை அறுத்து எடுத்துவிடலாம் என்றார். ஆனால் குரலுக்குச் செல்லும் நரம்பை ஒட்டியே கட்டி இருப்பதால், குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று உங்களிடம் மறைக்காமல் சொன்னார். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "எங்க கோயில் முற்றோதல் முடிஞ்சதும் வச்சிக்கலாமா டாக்டர்?" தாராளமாக என்றார். "அதுவரைக்கும் கத்திப் பேசாதீங்கம்மா. இருக்கிற குரலைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

இந்த மடலைப் படிக்கும் பிறருக்காக ஒன்று சொல்ல வேண்டும். நம் கூட்டத்தில் ஒருவர் ஒரு வரியைத் தொடங்கிப் பாட, மற்ற அனைவரும் அதே வரியைத் திருப்பிப் பாடுவது வழக்கம். கூட்டம் தொடங்கிய நாள் முதல் அந்தத் தொடங்கும் குரல் உங்களுடையது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் உங்கள் பின்னால் வந்தே எல்லாப் பதிகங்களையும் மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். "வரியைப் பாடிட்டுப் போயிடக் கூடாது, பின்னாடி இருக்கறவங்க கையில கொடுக்கணும்" என்பீர்கள். கடைசி எழுத்தைச் சற்றே நீட்டி, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டார்களா என்று பார்த்தபின்தான் அடுத்த வரிக்குப் போவீர்கள்.

ஆகவே அந்த ஆண்டு முற்றோதல் உங்கள் குரலுக்குக் கடைசியாக இருக்கலாம் என்பதை நாம் மூவரும் அறிந்திருந்தோம். கோலாலம்பூர்ப் பயணம் அதற்குச் சில நாட்களே முன்னதாக அமைந்திருந்தது. கோயில் பிராகாரத்தில் உங்களிடம் கேட்டுக்கொண்டேன்: "அங்க போய்ப் பாருங்க, கேளுங்க. பாட மட்டும் வேணாம்க்கா. இருக்கிற குரல் சாமிக்கு இருக்கட்டும்."

"நான் வாயத் தொறக்கல, போதுமா" என்றீர்கள். "கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

"வாய்ல ஒட்டப் பிளாஸ்டர் வாங்கிக்கலாமா?" என்றாள் மல்லிகா.

அரங்கத்தில் எங்கு பார்த்தாலும் இளம்பெண்கள். கையில் ஆளுக்கொரு விளக்குக் கோல். அவை தாமாகவே நிறம் மாறின. நாம் மூவரும் நெற்றியில் திருநீறும் கழுத்தில் உருத்திராக்கமுமாக நடுவில் அமர்ந்திருந்தோம். நீங்கள் வாக்குத் தவறாமல் ஒரு துண்டு அதிமதுரத்தைக் கடைவாயில் அடக்கிக்கொண்டீர்கள். முதல் இரண்டு பாடல்களுக்கு உங்கள் உதடு பிரியவில்லை. நான் மேடையைவிட உங்களையே அதிகம் பார்த்தேன்.

மூன்றாம் பாடலில் மல்லிகா ஆரம்பித்தாள். உங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது பாடமாகியிருந்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் பாடகனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அவன் ஒரு வரியை முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு அந்த வரியைத் திருப்பிப் பாடினாள். அதற்குள் அரங்கம் அடுத்த வரியில் இருந்தது. முற்றோதல் பழக்கம், அவளுக்கு வேறு விதமாகப் பாடத் தெரியாது. அடுத்த வரிக்கு உங்கள் குரலும் வந்தது. உங்கள் கையைப் பிடித்தேன். பிடித்தபடியே இருக்க, அதற்கடுத்த வரியில் என் வாயும் அசைவதை உணர்ந்தேன். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. நீங்கள் சொன்னதை நான் சொன்னேன். ஆக, அந்தப் பெரிய அரங்கில் மூன்று முதிய பெண்கள் எல்லோருக்கும் ஒரு வரி பின்னால் உரக்க வந்துகொண்டிருந்தோம்.

பின்வரிசையில் மகளுடன் வந்திருந்த அவ்வூர்த் தமிழ்ப் பெண்மணி என் தோளைத் தொட்டார். "ஆன்ட்டி, அவங்ககூடச் சேர்ந்தே பாடணும் லா. நீங்க லேட்டா பாடுறீங்க."

மல்லிகா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நாங்க லேட்டு இல்லம்மா. அவரு முடிக்கட்டும்னு பாத்துக்கினு இருக்குறோம்."

பிறகு விளக்குகள் அணைந்தன. ஒருவன் மட்டும் மேடையில் நின்று, வாத்தியம் ஏதுமின்றி, மெதுவான பாடல் ஒன்றைத் தொடங்கினான். அரங்கம் அடங்கிப்போயிற்று. அவன் முதல் வரியைப் பாடி முடித்துக் கடைசி எழுத்தை நீட்டி நிறுத்தினான். அந்த அமைதியில் நீங்கள் அந்த வரியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். முழுக் குரலில், நம் கோயிலில் எப்படிப் பாடுவீர்களோ அப்படியே. மேடையில் இருந்தவனுக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை. நம்மைச் சுற்றி நாலைந்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அடுத்த வரியைப் பாடினான். நீங்கள் மீண்டும் கொடுத்தீர்கள். மூன்றாவது வரியில் நம்மோடு இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன. நமக்குத் திருத்தம் சொன்ன அந்தப் பெண்மணியும் அவர் மகளும்.

நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். நான் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை கிள்ளானில் உங்களுக்குக் குரல் இல்லை. மல்லிகாவின் நாத்தனார் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கு விரலை அசைத்துக் காட்டினீர்கள். "டாக்டருக்கு இனி வேலை மிச்சம்" என்றாள் மல்லிகா, ஒருவரும் சிரிக்கவில்லை. பத்துமலைப் படிகளை நான் தனியாகத்தான் ஏறினேன். உங்கள் முழங்காலுக்குப் படி ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அன்று உங்களோடு கீழே உட்கார்ந்திருக்கவும் எனக்கு மனமில்லை. சாமிக்கு என்று வைத்ததை வழியில் எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு கஷாயம், பனங்கற்கண்டு, ஆவி பிடித்தல், எல்லாம் நடந்தன. முற்றோதல் நாள் வரை குரல் தேறவில்லை. அன்று காலை நீங்கள் முன்வரிசையில் உங்கள் இடத்தில் அமரவில்லை. மைக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு எனக்குப் பின்னால் போய் அமர்ந்தீர்கள். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. வேறு வழியின்றித் தொடங்கினேன்.

எனக்குப் பாடல்கள் தெரியும், கொடுக்கத் தெரியாது. என் வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தாவினேன். பின்னால் இருந்தவர்கள் தடுமாறி, பாதி வரியை விழுங்கினார்கள். அப்போதுதான் என் முதுகில் ஒரு விரல் அழுந்தியது. உங்கள் விரல். நான் நின்றேன். எல்லோரும் வரியை முடித்து மூச்சு வாங்கியதும் விரல் விலகியது. நான் அடுத்ததைத் தொடங்கினேன். மாலை விளக்கு ஏற்றும் வரை அப்படியே நடந்தது. விரல் அழுந்தினால் நிற்பேன், விலகினால் போவேன். இடையிடையே, கூட்டத்தின் குரல் ஓய்ந்தபின், என் காதருகே காற்றாக ஒரு குரல் வரியை முடிப்பது கேட்டது. நீங்களும் ஓதிக்கொண்டிருந்தீர்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்தில் அமர்ந்தேன். கேட்கக் கூடாது என்று இருந்தவள் கேட்டுவிட்டேன். "வாக்குக் கொடுத்தீங்களேக்கா. அங்க ஏன் பாடினீங்க?"

நீங்கள் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்தபடி, கிசுகிசுக் குரலில், விட்டு விட்டுச் சொன்னீர்கள். "இத்தன வருஷமா நான்தானே ஆரம்பிச்சிக்கினு இருந்தேன். அடுத்த வரி இன்னா, யாரு பின்தங்கினாங்க, அதே கவலை. அன்னிக்கி முதல் தடவையா வேற ஒருத்தர் ஆரம்பிச்சாரு. நான் சும்மா பின்னாடி போனேன். நீங்கல்லாம் இத்தன வருஷம் எவ்ளோ சுகமா இருந்திருக்கீங்கன்னு அப்பத்தாம்மா தெரிஞ்சுது." சற்று நிறுத்தி, "இன்னிக்கும் உன் பின்னாடி அப்பிடித்தான் இருந்துது. நீ கொஞ்சம் அவசரப்படற, அவ்ளோதான்" என்றீர்கள்.

"அக்கா பின்னாடி போறதுக்கு மலேசியா வரைக்கும் போவணுமா? என் பின்னாடி வந்திருக்கலாமே" என்றாள் எதிர் வரிசையிலிருந்து மல்லிகா.

"நீ ஆரம்பிச்சா சாமியே எழுந்து போயிடும்" என்றீர்கள். அன்று நான் சிரித்தேன். என் கோபம் எப்போது போயிற்று என்று கேட்டால், அந்தப் பந்தியில்தான்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. குரல் கிசுகிசுப்பாகவே நின்றுவிட்டது. அதன்பின் இரண்டு முற்றோதல்களுக்கு நீங்கள் என் பின்னால் அமர்ந்தீர்கள். விரல் அழுந்துவது வரவரக் குறைந்தது. மூன்றாவதற்கு நீங்கள் இல்லை. உறக்கத்திலேயே இறைவன் திருவடி சேர்ந்தீர்கள். பல ஆண்டுகள் பிறரின் நோய்ப் படுக்கைகளைப் பார்த்தவருக்கு அவன் அந்தப் படுக்கையைத் தரவில்லை.

ஓதிய நூல்களெல்லாம் அடியார்க்குப் பின்னால் செல்வதே பேறு என்கின்றன. அதை எத்தனையோ முறை உரக்கச் சொன்னவள் நான். அதன் பொருளை உங்களுக்குத் தெரிவித்தவன், நம் மொழி அறியாத ஒரு கொரியப் பையன். இறைவன் யாரைக் கொண்டு எதைச் சொல்லுவான் என்று இப்போது நான் தீர்மானிப்பதில்லை.

நேற்று மாலை கோயிலில் ஒத்திகை வைத்திருந்தோம். புதிதாக ஐயம்பேட்டையிலிருந்து சிலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் நன்றாகப் பாட வேண்டும் என்ற எண்ணத்தில் நான் வேகமெடுத்துவிட்டேன். மூன்றாவது பதிகத்தில் முதுகில் ஒரு விரல் அழுந்தியது. என் குரல் தானாக நின்றது. எல்லோரும் மூச்சு வாங்கியதும் விரல் விலகியது. பாடல் முடியும் வரை திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பார்த்தபோது மல்லிகா உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு.

"உனக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"அக்காதான். ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே சொல்லிச்சு. 'நான் இல்லாதப்ப அவ ஓடுவா, நீ பின்னாடி ஒக்காந்து புடிச்சிக்கோ'ன்னு. போன வருஷம் நீ ஓடல, அதான் சும்மா இருந்தேன்" என்றாள்.

பொட்டலத்தில் இருந்த அதிமதுரத்தை இப்போதுதான் இரண்டாக நறுக்கி வைத்தேன். ஒரு துண்டு எனக்கு, மற்றது அவளுக்கு. வேர் காய்ந்துவிட்டது, மணம் அப்படியே இருக்கிறது. நாளை முதல் வரியை நான் தொடங்குவேன். கடைசி எழுத்தை நீட்டி, கையில் கொடுத்துவிட்டு, காத்திருப்பேன். என்னிடம் நீங்கள் விட்டுச் சென்றது அந்தக் காத்திருப்புத்தான் அக்கா. கூட்டத்தின் குரல் ஓய்ந்தபின் இன்னும் ஒரு மூச்சளவு நேரம் விட்டே அடுத்த வரிக்குப் போகிறேன். எதற்கு என்று புதியவர்கள் கேட்கிறார்கள். இன்னும் ஒருவர் முடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் நோயின்றி, உண்ணவும் பகிரவும் குறைவின்றி, ஒருவர் தொடங்க மற்றவர் தொடர நெடுநாள் வாழ மாவடிப் பெருமான் அருள் செய்வானாக.