வேலிக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர்

டெஸ்மண்ட்,

ஓவன்ல ஆட்டுக்கறி ரோஸ்ட் இருக்கு. புதினா சாஸ் தீர்ந்துபோச்சு, அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. நான் நெட்பால் ஆடப் போறேன்.

நேத்து வைஃபை பட்டியல்ல எண்ணும் எழுத்துமா ஏதோ ஒரு பேரைப் பார்த்துட்டு, "எவனோ நம்ம நெட்டைத் திருடுறான்டி"ன்னு குதிச்சு, அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டிச்சியே, அது திருடன் இல்ல. உன் மக டாம்சின்.

நீ கோச்சா இருக்கிற டீமை விட்டுட்டு மரே ஆத்துக்கு அந்தப் பக்கத்து டீமுக்கு ஃபுட்டி மேட்ச் ஆடப் போயிட்டாளேன்னு நீ கத்தினதுலதானே அவ வீட்டை விட்டுப் போனா? புது அறையில நெட் இல்லயாம். காலேஜ் பாடம் அனுப்ப, சாயங்காலமானா நம்ம வேலிக்கு வெளியே கார்ல உட்கார்ந்திருக்கா. உள்ளே வர ரோஷம். அப்படியே அப்பன்.

நீ துண்டிச்சதைச் சரிபண்ணிட்டேன். இனிமே குழப்பம் வேண்டாம்னு எல்லாத்துக்கும் பேரும் வெச்சுட்டேன். உன் கம்ப்யூட்டர் 'குறட்டை'. என்னோடது 'மகாராணி'. பிரிண்டர் 'சோம்பேறி'. அவளைப் போன்ல கூப்பிட்டு, "உங்கப்பாவுக்குப் புரியற மாதிரி நீயும் ஒரு பேர் வை"ன்னேன். 'ரோஷக்காரி'ன்னு வெச்சா. அதுல கை வெச்சே, தொலைஞ்சே!

லோர்னா

கேட் சாவி கொக்கியில மாட்டியிருக்கு.

இன்னொண்ணு. ஷூ மாட்டும்போது பட்டியலை எட்டிப் பார்த்தேன். ரோஷக்காரியைக் காணோம், அவளே பேரை மாத்திட்டா. இப்ப 'பசிக்குதுப்பா'ன்னு இருக்கு.

ரோஸ்ட் ரெண்டு பேருக்குத் தாராளமா வரும்.