நெருப்புக்கு என்னைக் கொடுக்காதே

பிப்ரவரி 12, 1996. மான்மவுத் ஜங்ஷன்

நேற்று யாமினிக்கு ஒன்பது வயது முடிந்தது. கேக்கில் ஒன்பது மெழுகுவர்த்தி. ஒன்றையும் ஊத விடவில்லை. நெருப்பை வாயால் ஊதி அணைப்பதா? ராயபுரத்தில் எங்கள் பார்சி வீட்டில் அப்படி நடந்ததே கிடையாது. மெழுகு உருகி கேக்கெல்லாம் ஓடிற்று. வந்திருந்த அமெரிக்கப் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தன. "மாம், யூ ஆர் ஸோ வியர்ட்" என்றாள் என் அருமை மகள். வெங்கட் மெழுகைச் சுரண்டிவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மெழுகு தின்னப் பழகிவிட்ட மாம்பலத்து ஐயங்கார்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். காலையில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

பிப்ரவரி 13

இன்றும் இருக்கிறது. சுண்டைக்காய் அளவு.

பிப்ரவரி 20

மேமோகிராம் படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். மார்ச் முதல் தேதி கட்டியை வெட்டி எடுத்துச் சோதிக்கப் போகிறார்களாம். திரும்பி வரும்போது வெங்கட், "ஒண்ணும் இருக்காது ஃப்ரேனி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லிச் சொல்லியே ஹைவேயில் எங்கள் எக்ஸிட்டைத் தவறவிட்டான்.

பிப்ரவரி 23

சாவுக்குப் பயமா? பயம்தான். யாமினிக்கு இன்னும் தனியாகத் தலை பின்னிக்கொள்ளக்கூடத் தெரியாது. ஆனால் இன்னொரு பயமும் இருக்கிறது — யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் செத்தால் இவன் என்னை எரித்துவிடுவான்.

எங்கள் ஊரில் கழுகுக்கு வைக்கும் கோபுரம் கிடையாது, பப்பாவை ராயபுரத்தில் மண்ணில்தான் வைத்தோம். தலையை மூடாமல் நெருப்பின் முன்னால் நிற்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். எங்களுக்கு நெருப்பைவிடச் சுத்தமானது இல்லை. பிணத்தைவிடத் தீட்டு இல்லை. இரண்டையும் சேர்ப்பது பாவத்திலும் பாவம்.

சிரிப்புதான். அக்னி கோயிலுக்குப் போய்ப் பதினைந்து வருஷம். பூணூல் மாதிரி இடுப்பில் குஸ்திக் கயிறு கட்டுவதையும் விட்டாயிற்று. எனக்கு மதமெல்லாம் கிடையாது என்று பார்ட்டிக்குப் பார்ட்டி பீற்றிக்கொண்டவள். எல்லாம் போன பிறகு இது மட்டும் எங்கே ஒளிந்திருந்தது?

அவனிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 25

கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நாகமணி ஆன்ட்டி பிரிட்ஜ்வாட்டர் கோயில் பிரசாதத்தோடு வந்தார். "உன் பேருக்கு அர்ச்சனை பண்ணேம்மா. கோத்திரம் கேட்டாங்க, வெங்கட்டோடதச் சொல்லிட்டேன்." தங்கமான மனசு. புளியோதரையும் நன்றாக இருந்தது. ஆனால் செத்தாலும் இப்படித்தானே, அவன் கோத்திரத்தில் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள்!

பிப்ரவரி 27

கேட்டுவிட்டேன். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன எரிக்காதடா. புதைச்சிடு."

"உளறாதே."

"ப்ராமிஸ் பண்ணு."

"எங்காத்துல பச்சக் குழந்தையத்தான் புதைப்பா. உன்னை மண்ணுல போட்டுட்டு, ஸ்நோ கொட்டற ஊர்ல தனியா விட்டுட்டு, நான் கார் எடுத்துண்டு வீட்டுக்கு வரணுமா? என்னால முடியாது, ஃப்ரேனி."

"என் உடம்புடா! நெருப்ப அசிங்கப்படுத்த மாட்டேன்!" கத்திவிட்டேன்.

அவன் குழாயை மூடினான். "எங்கப்பாவுக்கு நான்தான் கொள்ளி வச்சேன். அதுவும் அசிங்கமா?"

ஐயோ. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை.

பிப்ரவரி 28

இன்று பாத்திரத்தை நானே கழுவினேன். அவன் யாமினியைத் தூங்க வைக்கப் போய் அங்கேயே படுத்துவிட்டான்.

மார்ச் 1

ஆஸ்பத்திரியில் கூப்பிடக் காத்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. மம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் முதல் வரி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெங்கட் பக்கத்தில்தான் இருக்கிறான், என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு. இன்னும் ப்ராமிஸ் பண்ணவில்லை.

மார்ச் 6

கேன்சர் இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி. போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் வெங்கட் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"சரி. உன்னை எரிக்கமாட்டேன். ப்ராமிஸ்."

இப்போது எதற்கு என்றேன். அதுதான் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே.

"இன்னிக்கு இல்லேன்னா என்னிக்காவது. ஆனா நான் முன்னாடி போனா நீ என்னை எரிக்கணும். இங்க எரிக்கறதுக்கு ஏதோ பட்டன் அமுக்கறாளாம். அத நீதான் அமுக்கணும். யாமினி சின்னவ. எனக்கு இங்க வேற யாரு?"

என்ன கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். காபி ஆடை கட்டிவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"சரி" என்றேன்.

இவ்வளவு நாள் என் உடம்பைத் தடவித் தடவிப் பயந்தேன். அது தீர்ந்தது. இப்போது கீழே அவன் இருமுகிறான். மறுபடியும் இருமுகிறான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.