நீங்கள் மோட்டார் போட்ட காலை

அப்பா,

நேற்று பழைய இரும்புக்காரர் வந்தார். நெல் மூட்டை அறையில் இத்தனை வருஷமாகக் கிடந்த கம்ப்யூட்டரை வெளியே தூக்கிப் போட்டேன். அவர் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்ததும் உமித்தூசி கொட்டியது. புழுங்கல் நெல்லும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. "இதுக்குள்ளயே நெல்லு அவிச்சீங்களாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மேல் கோபம்தான் வந்தது. நீங்கள் செத்து நாலு வருஷமாகியும் அது அப்படியே இருக்கிறது.

சவுதிக்குப் போன அண்ணன் முதல் லீவில் வந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. எனக்காக வாங்கினான். நான் அப்போது பட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றீர்கள். ஊரிலேயே முதல் கம்ப்யூட்டர் நம் வீட்டில்தான் என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டதும் நீங்கள்தான். அடுத்த லீவில் அவன் கூட வேலை பார்ப்பவரிடம் கேமரா இரவல் வாங்கி வந்தான். ஏழெட்டுப் படங்களை அதற்குள் போட்டுவிட்டுப் போனான். அதில் ஒன்று நான் எடுத்தது. நீங்கள் வரப்பில் குந்தியிருந்தீர்கள். அவன் பின்னால் நின்று குனிந்து உங்கள் தோளில் கை வைத்துச் சிரித்தான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருந்த படம் அது ஒன்றுதான்.

மூன்றாவது லீவுக்கு அவன் வரவில்லை, பெட்டிதான் வந்தது. சாரத்திலிருந்து விழுந்தவன், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா முன்பே போய்விட்டிருந்தாள். அந்த மட்டில் அவள் புண்ணியம் செய்தவள். அதற்குப் பிறகு தினமும் காலையில் பல்கூட விளக்காமல் வந்து நிற்பீர்கள். "ஏ புள்ள, அதத் தொற" என்பீர்கள். படம் வரும்வரை உட்காராமல் நின்றுகொண்டே இருப்பீர்கள்.

நாளாக ஆகக் கம்ப்யூட்டர் நொண்ட ஆரம்பித்தது. ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். டிஸ்க்கில் பிழை என்று நீலத் திரை வந்து வந்து போனது. டிஸ்க்கைச் சோதித்து, சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்காக அடுக்கிவிட்டால் சரியாகும் என்று கோர்ஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குப் புரியும்படி சொன்னேன்: "ஒரே ஆளு நெலம் பத்து எடத்துல துண்டு துண்டாக் கெடந்தா அலையணும்லப்பா? அதையெல்லாம் ஒண்ணாச் சேக்குறேன்." திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இடம் மாறுவதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, சீட்டாட்டமா?" என்றீர்கள்.

"மத்தியானம் வரைக்கும் ஓடும்ப்பா. நடுவுல நின்னா எல்லாம் போயிரும். யூபிஎஸ் பேட்டரி வேற செத்துக் கெடக்கு. மோட்டார் மட்டும் போட்றாதீங்க." இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் தலையாட்டினீர்கள்.

அது மேட்டூர் திறக்காத வருஷம். நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். டூ ஃபேஸ் கரண்ட் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சரைப் போட்டு போர் மோட்டாரை ஓட்டுவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அது ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கி வீட்டில் பல்பு மஞ்சளாகிவிடும். பத்தரை மணிக்குப் பல்பு மஞ்சளானது. திரை ஒருமுறை சுருங்கி அணைந்தது. நான் கொல்லைக்கு ஓடி வந்தபோது மோட்டார் கொட்டகையில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா!"

"நாத்து காயுது. உன் பொட்டிக்காக வயலக் காயப்போடச் சொல்றியா?"

கம்ப்யூட்டருக்குத் திரும்ப உயிர் வந்ததும் டிஸ்க் சோதனை தானாக ஓடியது. முடிந்தபோது படங்கள் இருந்த இடம் காலியாக இருந்தது.

அண்ணனின் வருஷத் திதியன்று பந்தியில் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். அத்தை அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டார். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்: "அத இவதான் அழிச்சா. எம்மவன ரெண்டாந்தடவ கொன்னவ." மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் தலை தூக்கவில்லை. நான் அடுத்த இலைக்கு நகர்ந்து சாம்பார் ஊற்றினேன்.

பத்து நாள் கழித்து கோர்ஸ் நோட்டைப் புரட்டியபோது ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளைச் சோதனை அழித்துவிடாது. வெறும் நம்பர் போட்டு ஓர் ஓரத்தில் வைத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிப் படமாகத் திறந்தேன். பதினோராவது துண்டில் அண்ணன் வந்தான். பாதிதான். மேலே தென்னை, வானம், அவன் சிரிப்பு, இறங்கும் கை. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். ஆனால் அவன் முகம் முழுசாக இருந்தது.

"அப்பா!" என்று கத்த வாயைத் திறந்தேன். வாசலில் யாரிடமோ நீங்கள் பேசுவது கேட்டது: "இவ கைபட்டா எதுங்க வெளங்குச்சு?" வாயை மூடிக்கொண்டேன். படத்தை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். நீங்கள் சொன்னதை உண்மையாக்கிவிட்டேன்.

ஒரு வாரம் உங்களைத் தவிக்கவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அந்த ஒரு வாரம் பதினாலு வருஷமானது. மாலை போட்ட அண்ணனின் பாஸ்போர்ட் படத்தின் முன்னால் நின்று "இது அவன் இல்ல" என்று முணுமுணுப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டே காபி டம்ளரை நீட்டுவேன். நன்றாக இருந்தது அப்பா. சொல்வதற்கு என்ன வெட்கம், நன்றாகத்தான் இருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் "பாப்பா" என்று கூப்பிட்டீர்கள். நான் வயசுக்கு வந்த பிறகு நீங்கள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "பாப்பா, அந்தப் படத்த எடுக்க இப்ப ஏதாச்சும் வழி வந்துருக்கா? எல்லாம் போன்லயே வந்துருச்சுங்கிறாங்களே."

ஃபிளாப்பியிலிருந்து மாற்றி வைத்திருந்த படம் என் போனில் இருந்தது. போன் என் மடியில் இருந்தது.

"யாருப்பா அத அழிச்சது?" என்று கேட்டேன்.

நீங்கள் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நாந்தான். மோட்டாரப் போட்டது நாந்தானே. எனக்கு அன்னிக்கே தெரியும்."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் காட்டிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். சொல்லிவிட்டீர்கள். ஆனால் 'அன்னிக்கே தெரியும்' என்பதுதான் என் காதில் நின்றது. தெரிந்தேதான் அத்தனை இலைக்கு முன்னால் என்னைக் கொலைகாரி என்றிருக்கிறீர்கள்.

"இல்லப்பா, போனது போனதுதான்" என்றேன்.

சரி என்பதுபோல் தலையாட்டினீர்கள். மறுநாள் பேச்சு நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் நீங்களும்.

இரும்புக்காரர் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, "இது வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வண்டி தெரு திரும்பியதும் போனில் படத்தைத் திறந்தேன். அண்ணன் சிரிக்கிறான். அவன் கை கீழே இறங்கிச் சாம்பலுக்குள் போகிறது. அந்த இடத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். எவ்வளவு இழுத்தும் நீங்கள் வரவில்லை. அன்றைக்கு அந்த வரப்பில் நீங்களும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், அப்பா. இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும். படம் எடுத்தவள் நான்தானே.