தேறாதவர் பட்டியல்

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
12.8.1966

அன்புத் தம்பி பன்னீர்செல்வத்துக்கு,

அண்ணன் ஜெய்னுலாப்தீன் எழுதுவது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஆண்டவன் உனக்குத் துணையிருக்கட்டும். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் டீம் சேதியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாளி கிருஷ்ணமூர்த்தி கூப்பிட்டு, பதினைந்து பேரில் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று கேப்டன் என்ற முறையில் என்னை எழுதித் தரச் சொன்னார். தேறாதவனுக்கு மர டிப்போவில் வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லையாம். பந்து ஆடத்தானே மெயின்லேண்டிலிருந்து கூட்டிவந்தேன் என்கிறார்.

அய்யூப் கோலில் நின்றால் உயரமாக வரும் பந்து அவனைத் தாண்டாது. தரையோடு வந்தால் அவன் குனிவதற்குள் வலைக்குள் போய்விடும். குழந்தைவேலு இன்னும் அதே ஓட்டம், அதே புத்தி. பக்கத்தில் நம் ஆள் நிற்பது அவன் கண்ணுக்கே தெரியாது. உன் ஃபுல்பேக் இடத்தில் உதயசூரியனை நிறுத்தினேன். ஆள் வாட்டசாட்டம்தான், ஆனால் ஒரு தடவை ஏமாந்தால் ஆட்டம் முழுக்க ஏமாறுவான். போன ஞாயிறு நாலு கோல் வாங்கினோம்.

உன் பெயருக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

டிப்போவில் மரச் சிலாம்பு ஏறி உன் கால் வீங்கியபோது, இந்தக் கப்பலிலேயே போய்விடு என்று டாக்டர் சொன்னார். நீயும் ஜெட்டிக்கு வந்துவிட்டாய். சனிக்கிழமை ஃபைனல், அடுத்த கப்பலில் போகலாம் என்று உன் பெட்டியைப் பிடுங்கியவன் நான். அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்துத்தான் வந்தது. ஜெயித்த கோப்பை ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்ற தந்தியை உன் சுசீலாவிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு நீங்கள் ஜெட்டிக்கு வராமல் இருந்திருக்கலாமே அண்ணே என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. பிள்ளைக்கு ஜுரம் விட்டுவிட்டது. என் வீட்டுக்காரி மஸூதா தினமும் போய்ப் பார்த்து வருகிறாள்.

தேறாதவர் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதி இன்று கொடுத்துவிட்டேன். வயது முப்பத்தாறு, மூச்சு வாங்குகிறது, ஜெயிப்பதைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது என்று காரணமும் எழுதினேன். என் ஸ்டோர் வேலை உட்கார்ந்தபடி செய்வது. அதைப் பன்னீருக்குக் கொடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர், அந்த நிலையில் அவன் கப்பலேறி வருவானா என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மெட்ராஸில் புறப்படும் கப்பல் வரைக்கும் பார்ப்பாராம். நீ அதில் வராவிட்டால் சுசீலா குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

நாங்கள் சௌல்தாரியில் மஸூதாவின் அண்ணன் நிலத்துக்குப் போகிறோம். என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நான் ஜெட்டிப் பக்கம் வரமாட்டேன். உன் பெட்டியைத் தூக்க அய்யூப் வருவான். நீ மட்டும் வந்துவிடு தம்பி.

மன்னிப்புக் கேட்கவும் துணிவில்லாத,
ஜெய்னுலாப்தீன்